கோந்த்வாவில் தொங்கிய மோட்டார் சாவி

என் கணவர் விவசாயம் பார்ப்பது எங்கள் பால்கனியிலிருந்து. புனேவில், கோந்த்வா பகுதியில் ஐந்தாவது மாடி. பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று, ஒரு டம்ளர் டீ, கையில் போன். நிலம் இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில், ஆரணிப் பக்கம்; அங்கே நிலத்தைக் கொல்லை, கொல்லி என்போம். நடுவில் கிட்டத்தட்ட ஒரு நாள் ரயில். இந்தத் தூரமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "நம்ம கொல்லிக்கு இன்னிக்கி ஒரு தண்ணி வுட்டேன்" என்று மேல்வீட்டுக்காரரிடம் சொல்லும்போது, முண்டாசு கட்டி மண்வெட்டி பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறியவர் மாதிரி கழுத்தைத் துடைத்துக்கொள்வார்.

பதினேழு வருடம் ராணுவத்தில் இருந்தார். கடைசி போஸ்டிங் புனே. வானவடியில் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே ஃபிளாட் வாங்கி, ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்துகொண்டார். பிறகு தம்பியையும் வரவழைத்தார். என் கொழுந்தனார் ஏரவாடாவில் நாலு பேரோடு ஒரே அறையில் தங்கி வேன் ஓட்டுகிறார். ஆக, வீட்டு ஆண்பிள்ளைகள் இருவரும் இங்கே. மூன்று ஏக்கர் கொல்லையோடு ஊரில் இருப்பது கொழுந்தனாரின் மனைவி, என் ஓரகத்தி, ஒருத்திதான். அவளுடைய ஒரே பெண் வேலூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸிங் படிக்கிறாள்.

எனக்கு ஊர் ஏக்கமெல்லாம் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன் எங்கள் அப்பா கொல்லையில் களை வெட்டி வெட்டி நொந்துபோனவள் நான். புனேவுக்கு வந்த அன்று, குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது, வாசலைத் திறந்தால் சாணம் இல்லை என்று நிம்மதியாக மூச்சு விட்டேன். நான் பேசுவது மண் பாசத்தால் அல்ல, எரிச்சலால். நிலத்தை விட்டு வந்தவன் விட்டு வந்தவனாக இருந்துவிட்டுப் போகட்டும். வந்த பிறகும் அங்கே குனிந்து நிமிர்கிறவளை இங்கிருந்து ஏவிக்கொண்டிருக்கிறார்களே, அந்த ஜென்மங்களைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் நாற்பது வயதுக்குக் குறைந்த ஆண்பிள்ளையைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போது பொங்கலுக்குத்தான் போக வேண்டும். ஓசூர், பெங்களூர், திருப்பூர், புனே என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நிலத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாததால் பெண்டாட்டியிடம் விட்டுப் போனார்கள். விட்டுப் போனார்களே தவிர, கொடுத்துவிட்டுப் போகவில்லை. டிராக்டர்காரனைக் கெஞ்சிக் கூட்டி வருவது அவள் வேலை. விதைப்பது, களையெடுக்க வயதான பொம்பளைகள் இரண்டு பேரைத் தேடிப் பிடிப்பது, ஆடு மேயாமல் காவல் இருப்பது, எல்லாம் அவள் வேலை. என்ன விதைப்பது, என்றைக்கு விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்பது மட்டும் இங்கே கோந்த்வாவில், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்போடு முடிவாகும்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூத்தைச் சொல்ல வேண்டும். கொழுந்தனார் ஏரவாடாவிலிருந்து பத்து மணிக்கு வந்துவிடுவார். அண்ணனும் தம்பியும் சோபாவில் சாய்ந்துகொண்டு, தொப்பி போட்ட யாரோ ஒருவன் யூட்யூபில் பஞ்சகவ்யம் கலக்குவதைப் பார்ப்பார்கள். "நாமளும் இத்த பண்ணணும்ணா" என்பார் தம்பி. "பண்ணிடலாம்" என்பார் அண்ணன். 'நாம' என்றால் யார் என்று இருவருக்கும் தெரியும். கோமியம் பிடிக்கப் போகிறவள் அந்த நேரத்தில் கொல்லையில் இருப்பாள். கொல்லையில் போட்டுக்கொள்ள என்று ராணுவ கான்டீனில் வாங்கிய ரப்பர் பூட்ஸ் ஒன்று எங்கள் கட்டிலுக்கடியில் அட்டைப் பெட்டியோடு இருக்கிறது. அதன் அடிப்பக்கம் இன்றுவரை தரையைப் பார்த்ததில்லை.

மேல்வீட்டுக்காரர் கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. ஊரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். தோப்பு மோட்டாரை போனிலேயே ஓட்டுவதாக அவர் ஒருநாள் லிப்டில் சொல்லித் தொலைத்தார். அன்றிலிருந்து என் கணவருக்குத் தூக்கம் போனது. அந்தப் பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது எங்கள் கிணற்று மோட்டாருக்கும் அப்படி போனில் ஓட்டுகிற பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினார். பெட்டிக்குள் ஒரு சிம் கார்டு. அந்த எண்ணுக்கு போன் செய்து ஒன்றை அழுத்தினால் மோட்டார் ஓடும், இரண்டை அழுத்தினால் நிற்கும். பதிவு செய்த எண்ணிலிருந்து கூப்பிட்டால்தான் கேட்கும். இரண்டு எண்கள் பதியலாம் என்றான் மாட்ட வந்தவன். அண்ணன் எண் ஒன்று, தம்பி எண் ஒன்று. வரப்பில் நிற்கிறவளுக்கும் போன் இருக்கிறது என்பது அந்த இருவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டாரா? கண்டவர்கள் கை வைத்துப் பெட்டியைக் கெடுத்துவிடுவார்கள் என்று மோட்டார் கொட்டாய்க்கு ஒரு பெரிய பூட்டைப் போட்டார். கண்டவர்கள் என்று அங்கே யாரும் இல்லை. இருக்கிறவள் ஒருத்திதான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டார். கோந்த்வா வந்து துணி துவைக்கும்போது நான் எடுத்துக் கொடுத்தேன். "அதான் போன்லயே ஓடுதே, சாவி எதுக்கு" என்று ஹாலில் இருக்கிற சாவிப் பலகையில், ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்தில் மாட்டினார். அது மோட்டார் கொட்டாய்ச் சாவி என்று எனக்குத் தெரியும். கூரியரில் அனுப்புவது அரை மணி நேர வேலை. அவர் மறந்த சாவிக்கு நான் ஏன் அலைய வேண்டும் என்று வாரா வாரம் அதைத் தூசி தட்டி அங்கேயே விட்டுவைத்தேன்.

அதே பொங்கலில்தான் இன்னொன்றும் சொன்னார். மேல்வீட்டுக்காரர் தடிமரத்துக்கு மலைவேம்பு வைத்தால் ஆளே வேண்டாம் என்று காதில் ஓதியிருந்தார். கிளம்புகிற அன்று ஓரகத்தியைக் கூப்பிட்டு நிறுத்தி, "இந்த ஆடிப் பட்டம் மல்லாட்டை நல்லா வந்தா சரி. வல்லன்னா மூணு ஏக்கராலயும் மலைவேம்பு வெச்சுடலாம்மா. களையும் வேணாம், ஆளும் வேணாம். ஊட்டப் பூட்டினு நீயும் பூனாவுக்கு வந்துடு" என்றார். வேர்க்கடலைதான் எங்கள் பக்கத்தில் மல்லாட்டை. கொழுந்தனார் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள், "சரி மாமா" என்றாள். மூத்தாரிடம், அதாவது புருஷனின் அண்ணனிடம், அவள் அதற்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

பின்கட்டில் பாத்திரம் கழுவும்போது என்னிடம்தான் சொன்னாள். "இந்த மல்லாட்டை வந்துடணும்க்கா. வல்லன்னா என்னத் தூக்கினு வந்து உங்க பால்கனில வெச்சுடுவாங்க. அங்க நான் இன்னா பண்ணுவேன்? இங்கன்னா நாலு பேரு என்னக் கேட்டுத்தான் வெத வாங்கறாங்க." உண்மைதான். எந்த விதை எந்த மண்ணுக்கு ஆகும் என்று அந்தத் தெருப் பெண்கள் அவளைத்தான் கேட்பார்கள். அவள் புருஷனைக் கேட்டால் யூட்யூபைக் காட்டுவார்.

ஆடியில் விதைத்தாள். நன்றாக முளைத்தது. பூ எடுத்ததும் எங்களுக்குப் படம் அனுப்பினாள். அண்ணனும் தம்பியும் அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டு, 'எங்கள் உழைப்பு' என்று எழுதினார்கள். நான் பார்த்து அடுக்களையில் தனியாகச் சிரித்தேன்.

மல்லாட்டைச் செடிக்கு ஒரு பத்து நாள் உண்டு. பூ உதிர்ந்த இடத்திலிருந்து ஊசி மாதிரி விழுது கிளம்பி மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள் போனால்தான் காய். அப்போது மண் ஈரமாக, பொதபொதவென்று இருக்க வேண்டும். காய்ந்து இறுகியிருந்தால் விழுது மேலேயே கருகிவிடும். மேலே செடி பச்சைப்பசேல் என்று நிற்கும், கீழே ஒன்றும் இருக்காது. அந்தப் பத்து நாள் வந்தபோது ஊரில் மழை இல்லை. புனேவில் கொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, வுழுது எறங்குது. ஒரு தண்ணி வுடணும்" என்று போன் செய்தாள். என் கணவர் பால்கனியிலிருந்து வானத்தைப் பார்த்தார். கோந்த்வா வானத்தை! "இங்க மூணு நாளா ஊத்துதும்மா. இங்க பேயற மழை ரெண்டு நாள்ல அங்க வந்து சேந்துடும். இப்ப தண்ணி வுட்டு, மேல மழையும் பேஞ்சா அழுகிப் பூடும்" என்றார். போனில் வானிலையும் பார்த்தார். ஐந்து நாளைக்கு மேகமும் சொட்டும் வரிசையாக இருந்தன. பின்னால் நின்று எட்டிப் பார்த்தேன். படத்துக்கு மேலே புனே என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"ஏங்க, அது இந்த ஊர் மழைங்க" என்றேன்.

"மேகத்துக்கு ஊர் இன்னாடி ஊர்? பட்டாளத்துல எத்தினி மழ பாத்திருப்பேன். நீ போயி சோத்தப் பாரு" என்றார். போய்ச் சோற்றைப் பார்த்தேன். இந்த அறிவாளிக்கு நான் ஏன் வாத்தியாராக வேண்டும்?

நாலாம் நாள் அவள் என் எண்ணுக்குக் கூப்பிட்டாள். "அக்கா, மண்ணு வெடிக்குது. மாமா கிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கக்கா." பக்கத்துக் கொல்லையில் கேட்கக் கூடாதா என்றேன். அந்தக் கொல்லைக்காரர் ஓசூரில் இருக்கிறாராம், அவர் மோட்டாரும் அவர் போனில்தான் இருக்கிறதாம். கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஊரே தண்ணீருக்கு வெளியூரைப் பார்த்து நிற்கிறது. "உங்க மூத்தார் என் பேச்ச என்னிக்கிக் கேட்டார்? அவரையே புடி. எனக்கு எதுக்கு இந்த வம்பு?" என்றேன். அவள், "சரிக்கா" என்றாள். அவரிடம் "சரி மாமா" என்று சொன்ன அதே குரல். அன்று அதை நான் கவனிக்கவில்லை.

ஏழாம் நாள்தான் மழை வராது என்பது இவருக்கு உறைத்தது. "நாளைக்கிப் பத்து மணிக்கு த்ரீ பேஸ் கரண்டு வந்ததும் போட்டு வுடறேன். நீ மடையில ரெடியா நில்லு" என்று உத்தரவு போட்டார்.

மறுநாள் எங்கள் சொசைட்டி கணபதியைக் கரைக்கிற நாள். காலையிலேயே டோல் மேளம் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இவர் வெள்ளைக் குர்தா போட்டு, காவித் தலைப்பாகை கட்டி, கண்ணாடி முன் மூன்று தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு கீழே போனார். சொந்தக் கொல்லையில் ஒருநாள்கூட முண்டாசு கட்டாத தலை. போனை ஃபிரிட்ஜ் மேல் சார்ஜில் போட்டது போட்டபடியே விட்டுவிட்டார்.

பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு அது அடித்தது. திரையில் 'ஊர்' என்று வந்தது. அவள் எண்ணை அவர் அப்படித்தான் பதிந்துவைத்திருந்தார். நான் பூரணம் கிளறிக்கொண்டிருந்தேன். நின்றது. மறுபடியும் அடித்தது. கொழுந்தனார் அன்று வேனோடு நாசிக் பக்கம் போயிருந்தார், ஓட்டும்போது போனை எடுக்க மாட்டார். அங்கேயும் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே அடிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அந்த போனை எடுத்து மோட்டார் எண்ணைக் கூப்பிட்டு ஒன்றை அழுத்துவது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. ஒருமுறை தொட்டதற்கு, "இது விளையாட்டு சாமான் இல்ல" என்று என்னைப் பார்த்துக் கத்தியிருந்தார். வரட்டும், பெரிய விவசாயி வந்து அழுத்தட்டும் என்று இருந்தேன். பதினோரு தடவை 'ஊர்' வந்து வந்து போனது. பால்கனியிலிருந்து பார்த்தால் கீழே மழையில் நனைந்துகொண்டு அவர் ஆடுவது தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இளக்காரமாக இருந்தது தெரியுமா? அந்த இளக்காரத்தின் ருசியில் பூரணம்கூட அடிப்பிடித்தது.

அவர் திரும்பி வந்தபோது நாலரை மணி. மோட்டாரை ஓட்டுகிற த்ரீ பேஸ் கரண்ட் நாலு மணிக்கே போய்விட்டிருந்தது. மறுநாள் காலை ஊரில் டிரான்ஸ்பார்மர் கெட்டு மூன்று நாள் கரண்டே இல்லை. அதற்குப் பிறகு ஒன்றை அழுத்தியும் பயன் இல்லை.

தீபாவளி கழிந்து அவள் புனேவுக்கு வந்தாள். வா என்று இவர்தான் டிக்கெட் போட்டிருந்தார். மல்லாட்டை பறித்தாயிற்று, விளைச்சல் சரியில்லை என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மலைவேம்பைப் பேசி முடித்துவிடலாம் என்று திட்டம். கோழிக்குழம்பு வைத்தேன். அண்ணனும் தம்பியும் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டதும், அவள் பையிலிருந்து இரண்டு துணி முடிச்சுகளை எடுத்தாள். தரையில் ஒரு பேப்பரை விரித்து, இரண்டையும் தனித்தனியாகக் கொட்டினாள்.

முதல் குவியலில் என் கணவர் ஒன்றை எடுத்து உடைத்தார். உள்ளே ஒன்றும் இல்லை. இன்னொன்றை உடைத்தார். அதுவும் பொக்கு. தம்பி நாலைந்து உடைத்தார். சோபா முழுக்கத் தோல்தான் விழுந்தது. இரண்டாவது குவியலில் கை வைத்தார்கள். விரல் நீளக் காய், உள்ளே மும்மூன்று பருப்பு.

"இது யாரு கொல்லிதும்மா?"

"நம்மளுதுதான் மாமா. கெணத்தோரம் ரெண்டு பாத்தி. நீங்க மோட்டார் போடுவீங்கன்னு மடையில நின்னேன். வல்ல. அப்பறம் கயிறு போட்டு கொடத்துல சேந்தி ஊத்தனேன். அந்த மூணு நாளும் ஊத்தனேன். ரெண்டு பாத்திக்கு மேல கையி ஓடல."

நான் அவள் கையைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

தம்பி மடியில் விழுந்த தோலைத் தட்டிவிட்டார். பிறகு என் கணவர், பட்டாளத்து ஆள் அல்லவா, தற்காப்பில் இறங்கினார். "அன்னிக்கின்னு பாத்து போன ஊட்லயே வெச்சினு போயிட்டேம்மா. இவதான் ஊட்ல இருந்தா" என்றார்.

அவள் ஃபிரிட்ஜைப் பார்த்தாள். மேலே சார்ஜர் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தப் பார்வையில். ஒரு கடையில் சரக்கு இல்லை என்று தெரிந்துகொண்டு அடுத்த கடைக்குப் போகிறவள் பார்க்கிற பார்வை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

சாயங்காலம் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, என் குற்றத்தை மறைக்க அவள் மேல் ஒன்றைத் தூக்கிப் போட்டேன். "பூட்ட ஒடைச்சிருக்கலாமே?" என்றேன்.

"மூத்தார் போட்ட பூட்டுக்கா. ஆம்பள இல்லாத நேரத்துல பூட்ட ஒடைச்சான்னு ஊரே சொல்லும். அப்பறம் நான் அந்த ஊட்ல இருக்க முடியுமா?" சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனாள். சாவிப் பலகைக்கு முன்னால் நின்றாள். ஸ்கூட்டர் சாவிக்குப் பக்கத்தில் தொங்கியதைக் கழற்றினாள். சோபாவில் படுத்திருந்த என் கணவர் தலையைத் தூக்கினார்.

"அது இன்னாத்துக்கும்மா? அதான் போன்லயே ஓடுதே."

"கொட்டாயில எலி பூந்துகீது மாமா. ஒயரக் கடிச்சுடப் போவுது. தொறந்து பாக்கணும்."

"ஆமாமா, எலிய வுடக் கூடாது" என்று அவர் தலையாட்டினார். சாவியைத் தாலிக்கயிற்று ஊக்கில் கோத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை ரயிலேறிப் போய்விட்டாள்.

அடுத்த வாரமே மோட்டார் எண் வேலை செய்யவில்லை. இவர் ஒன்றை அழுத்துவதற்கு அழைத்தால், அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் சொல்லும். அவளைக் கேட்டால், எலி கடித்துவிட்டது என்றாள். பெட்டியைச் சரி செய்ய ஆளுக்குச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை என்றாள். மோட்டார் இல்லாமல் மலைவேம்புக் கன்று எப்படி வைப்பது? கன்றுக்கும் தண்ணீர் வேண்டுமே. ஆகவே மலைவேம்பு தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது எலியைப் பற்றித்தான் ஆராய்ச்சி. தொப்பிக்காரன் யூட்யூபில் எலிப் பொறி செய்வதைக் காட்டுகிறான். பட்டாளத்தில் இருந்தபோது எத்தனை எலிகளைப் பிடித்தோம் என்று அண்ணன் சொல்ல, தம்பி வாயைப் பிளந்து கேட்கிறார். இவர்களை நினைத்தால் எனக்குப் பரிதாபம்கூட வரமாட்டேன் என்கிறது.

எலி எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். சிம்மைப் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். அந்தக் கள்ளத்தனம் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. இருவரும் சேர்ந்து ஒருமுறை வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போலிருந்தது. அவள் போய்ச் சேர்ந்ததிலிருந்து எனக்கு போன் செய்யவில்லை. மார்கழியில் நானே கூப்பிட்டேன்.

எடுத்தாள். பின்னால் தண்ணீர் தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது. திமுதிமுவென்று, குழாய் நிறைய.

"இன்னாடி, எலி எப்பிடிகீது?" என்று சிரித்தேன்.

"அப்பிடியேதான்கீதுக்கா."

"அப்போ அது இன்னா தண்ணி சத்தம்?"

"மழைக்கா."

"மார்கழில அங்க ஏதுடி மழை?"

"அப்ப பூனாவுல பேஞ்சுதில்ல, அந்த மழைக்கா. இப்பத்தான் இங்க வந்து சேந்துச்சி" என்றாள்.

சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. மடை திருப்ப வேண்டும், வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். மூத்தாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எனக்குச் சொல்லியிருந்தாள்.